அறுபத்தொரு முள்

ஐன் ஹல்ஃபா ஆஸ்பத்திரியின் 2011ஆம் ஆண்டுப் பதிவேட்டை அப்படியே நம்பினால், அந்த ஊரில் புரட்சியின்போது போலீஸ் குண்டடி பட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் உம்தா மொன்ஜி. பதிவேட்டை எழுதியவர் லஸ்ஹர். எழுதியது பொய் என்பதும் லஸ்ஹருக்குத் தெரியும்.

உம்தா என்றால் அரசு நியமிக்கிற ஊர் மணியக்காரர். பிறப்பு, இறப்பு, குடியிருப்பு என்று எந்தக் காகிதத்துக்கும் அவர் முத்திரை வேண்டும். காபிக் கடையில் உட்கார்ந்து யார் ஜனாதிபதியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று போலீசுக்குச் சொல்வதும் அவர் வேலைதான். அது மட்டும் எந்தக் காகிதத்திலும் வராது. மொன்ஜி இரண்டையும் பத்தொன்பது வருடமாகச் செய்துவந்தார். முதல் வேலையில் சோம்பேறி. இரண்டாவதில் மகா சுறுசுறுப்பு.

லஸ்ஹர் ஆண் நர்ஸ். காஸரீன் நகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் 1980இல் சேர்ந்தவர். டாக்டர்கள் வருவார்கள், கடற்கரைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள். லஸ்ஹரும் பதிவேடும் மட்டும் அங்கேயே இருந்தார்கள். பதிவேட்டில் ஆறு பத்திகள்: எண், பெயர், நேரம், காரணம், சிகிச்சை, கடைசியாக 'அகற்றியது'. காலில் ஏறிய ஆணி, குழந்தை காதில் போட்டுக்கொண்ட கொண்டைக்கடலை, உள்ளங்கையில் முறிந்த தையல் ஊசி எல்லாவற்றையும் அந்தக் கடைசிப் பத்தியில் எண்ணி எழுதுவார். தணிக்கைக்கு வருகிற எந்த அதிகாரியும் அந்தப் பத்தி வரைக்கும் வந்ததில்லை. நாலாவது பத்தியிலேயே அவர்களுக்குக் காபி நேரம் வந்துவிடும்.

ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துக்குக் காவல் நிலையத்தின் முன்னால் போலீஸ் சுட்டது. இரண்டரை மணிக்குள் ஆறு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் விடுப்பில் இருந்தார். சாலையில் டயர் எரிந்துகொண்டிருந்தது. முதலில் மேசையில் ஏற்றியது தீஜானியை. வண்டியில் சப்பாத்திக்கள்ளிப் பழம் விற்கிறவன், முப்பத்து நாலு வயது, வலது தொடையில் குண்டு.

"அண்ணே, பேரை எழுதாதீங்க," என்றான் தீஜானி. "நேத்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரில பேரைப் பார்த்துத்தான் ரெண்டு பேரைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனானுங்க."

"பேரு எழுதாம கட்டுப் போட எனக்குத் தெரியாதுடா. வீட்டுல கழுதை இருக்கா?"

"இருக்கு."

"உதைக்குமா?"

"அது எறும்பைக்கூட மிதிக்காது அண்ணே."

"இன்னைக்கு உதைச்சிருச்சு."

லஸ்ஹர் 'காரணம்' பத்தியில் 'கழுதை உதைத்தது' என்று எழுதினார். தீஜானி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான்: "ஸ்டேஷன் மேல் மாடி ஜன்னல்ல உம்தா நின்னான் அண்ணே. அதிகாரிக்குப் பக்கத்துல. இவன் யார் மகன், அவன் யார் மகன்னு விரலை நீட்டி நீட்டிக் காட்டுறான்."

மூன்றரை மணிக்குள் பதிவேட்டில் அந்தப் பக்கம் நிரம்பியது. மூன்று பேரைக் கழுதை உதைத்திருந்தது. இரண்டு பேர் ஏணியிலிருந்து விழுந்திருந்தார்கள். ஒருவர் மேல் ரொட்டி அடுப்பு சரிந்திருந்தது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்குச் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரன் வந்தான். நின்றபடியே நாலாவது பத்தியில் விரலை வைத்துக் கீழே இழுத்தான்.

"என்னய்யா, இந்த ஊர்க் கழுதைக்கெல்லாம் ஒரே நாள்ல என்ன கேடு?"

"தீவனம் விலை ஏறிப்போச்சுங்க. பசி," என்றார் லஸ்ஹர்.

அவன் சிரித்துவிட்டுப் போனான். அரபியில் வலமிருந்து இடமாக எழுதிய பதிவேடு அது; அவன் விரலுக்கு ஒரு சாண் இடதுபுறம் தீஜானியின் வரியில் கடைசிப் பத்தி இருந்தது: 'ஈயம், துண்டு 1. மீதி உள்ளே.' மற்ற ஐந்து வரிகளிலும் அப்படியே ஈயம், எண்ணிக்கையோடு. உயிர் காக்க ஒரு பத்தியில் பொய் எழுத லஸ்ஹரால் முடிந்தது. எடுத்ததை எடுக்கவில்லை என்று எழுத அவர் கை வரவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

புதன்கிழமை காலை போலீஸ் இரண்டு லாரியில் ஏறி ஊரை விட்டுப் போய்விட்டது. பதினோரு மணிக்குக் காவல் நிலையம் எரிந்தது. அதன்பிறகு ஜனங்கள் உம்தாவைத் தேடிப் போனார்கள். மொன்ஜி பின்சுவர் ஏறிக் குதித்தார். அந்தச் சுவரையொட்டி ஊரான் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அவரே ஆள் உயரத்துக்குச் சப்பாத்திக்கள்ளி வளர்த்திருந்தார். நேராக அதில் விழுந்தார். வலது கணுக்காலும் முறிந்தது.

மைத்துனன் அவரைக் காய்கறி வண்டியில் படுக்கவைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். வாசலில் கம்பும் கையுமாக அறுபது எழுபது பேர். ஒருவன் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டான்.

"உம்தாடா! உம்தா இங்க கிடக்கான்!"

லஸ்ஹர் வெளியே வந்தார். மொன்ஜியின் முகத்தைப் பார்த்தார். மூக்கு ஒழுகிக்கொண்டு, வாயை அசைத்து குர்ஆனில் ஏதோ ஒரு சூரா ஓதிக்கொண்டிருந்தது. அந்த முகத்துக்காக ஒரு துளி இரக்கம்கூட அவருக்கு வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படியில் ஒருவனை அடித்துக் கொல்ல விட்டுவிட்டு, அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

"தள்ளுங்கடா!" என்று கத்தினார். "இவனையும் போலீஸ் சுட்டுட்டான். போகும்போது சுட்டுட்டுப் போயிருக்கான். வழி விடுங்க!"

கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு யாரோ, "அட, உம்தாவையுமா?" என்றான். கம்புகள் தாழ்ந்தன. லஸ்ஹர் உள்ளே கொண்டுபோய்க் குப்புறப் படுக்கவைத்து, இரண்டே கால் மணி நேரம் சாமணத்தால் முள் எடுத்தார். காரணம்: 'போலீஸ் குண்டு.' ஏனென்றால் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் பதிவேட்டைப் பார்க்க வந்து நின்றார்கள். அகற்றியது: 'முள் 61.' அந்த இரண்டு பேரும் கடைசிப் பத்தி வரைக்கும் வரவில்லை. புரட்சிக்காரர்களும் அதிகாரிகளைப் போலத்தான் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜனாதிபதி விமானம் ஏறி ஓடினார். ஊர் ஆடிப்பாடியது. ஊர்ச் சதுக்கத்துக்கு அதுவரை அவர் பதவிக்கு வந்த தேதிதான் பெயர். அந்தப் பலகையைப் பெயர்த்து அவர் ஓடிய தேதியை எழுதினார்கள். எழுதிய பெயிண்டர் அதே ஆள். பழைய பலகையைத் திருப்பிப்போட்டுத்தான் எழுதினான்.

மொன்ஜியை வேலையிலிருந்து நீக்கினார்கள். பதினோரு மாதம் உம்தா இல்லாமல் ஊர் நடந்தது, அதாவது நடக்கவில்லை. எந்த நிலம் யாருடையது என்று வேறு யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருக்கும்படி அவர்தான் பார்த்துக்கொண்டார். தேர்தலில் தாடி வைத்த கட்சி ஜெயித்தது. மொன்ஜி நாற்பது நாள் தாடி வளர்த்தார், தொழுகையில் முன் வரிசையில் நின்றார், நெற்றியில் தொழுகைத் தழும்பு வரும்படி எதையோ தேய்த்துக்கொண்டார் என்று ஊர் சொன்னது. டிசம்பரில் முத்திரை அவர் கைக்குத் திரும்பி வந்தது. இத்தனை பேர் ரத்தம் சிந்தி மாற்றியது இதைத்தான் என்று லஸ்ஹர் நினைத்துக்கொண்டார்: ஒரு தாடி.

மறுவருடம் இலையுதிர்காலத்தில் புரட்சியில் காயம்பட்டவர்களுக்கு அட்டை கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாக அறுவை சிகிச்சை. ஒரு குழு ஊர் ஊராக வந்து விசாரிக்கும். முதல் விண்ணப்பம் மொன்ஜியுடையது. பதிவேட்டின் முதல் நான்கு பத்திகளை மட்டும் நகல் எடுத்து, தன் முத்திரையைத் தானே குத்தி வைத்திருந்தார்.

அதைக் கேள்விப்பட்ட அன்று தீஜானியின் மனைவி ஷாத்லியா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் பழைய துணி, சீழ் கறையோடு.

"இதைப் பாருங்க அண்ணே. கழுதை உதைச்சா ரெண்டு வருஷம் சீழ் வடியுமா?"

லஸ்ஹர் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புல ஈயம் இருக்கு, அது அழுகுது. ரமளான் வரைக்கும் பார்க்கலாம், அப்புறம் காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அட்டை இருந்தா நாளைக்கே கட்டில் உண்டாம். அட்டை கேட்டுப் போனா, 'உன் புருஷனுக்குக் கழுதைதானம்மா எதிரி'ன்னு சிரிக்கிறானுங்க. அந்த உம்தா முதல் ஆளா நிக்கிறான்! அவன் சுவர் ஏறிக் குதிச்சதைப் பார்த்தவ நான்!"

"எல்லாரும்தானம்மா பார்த்தாங்க."

"அப்புறம் ஏன் ஒருத்தனும் வாயத் திறக்கல?"

"முத்திரை அவன்கிட்ட இருக்கு."

"நீங்க எழுதினது அண்ணே. நீங்கதான் அழிக்கணும்," என்றாள் ஷாத்லியா.

அழிப்பது லஸ்ஹரின் வழக்கத்தில் இல்லை. படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

நவம்பர் 20 காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்தில் குழு உட்கார்ந்தது. தலைவி தலைநகரத்து வக்கீல் ஹாஜர். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். 'நாங்கள் புரட்சி செய்தபோது' என்று நாலு முறை சொன்னார். லஸ்ஹர் எண்ணினார். அந்த வாரம் தலைநகரத்தில் அவர் எந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார் என்று கேட்க யாரும் இல்லை. பின் பெஞ்சில் தீஜானி கட்டையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான்.

லஸ்ஹர் பதிவேட்டை மேசையில் விரித்தார். "அம்மா, இந்த ஆறு வரியில நாலாவது பத்தியில இருக்கிறது பொய். நான் எழுதின பொய். போலீஸ் கையில சிக்கக் கூடாதுன்னு எழுதினேன். கடைசிப் பத்தியைப் பாருங்க, எல்லாத்துலயும் ஈயம்."

ஹாஜர் கடைசிப் பத்தியைப் பார்க்கவில்லை. "அரசுப் பதிவேட்டுல பொய் எழுதினேன்னு ஒத்துக்கிறீங்களா?"

"எழுதினதாலதான் ஆறு பேர் உயிரோட இருக்காங்க."

"அது வேற விஷயம் பெரியவரே. ஒரு பத்தி பொய்னா அடுத்த பத்தி உண்மைன்னு நான் எப்படி நம்புறது? பதிவேடு சரின்னா கழுதை கழுதைதான். பதிவேடு தப்புன்னா மொத்தப் புத்தகத்தையும் ஒதுக்கிடுவேன், உங்க மேல ஒரு வழக்கும் வரும். எப்படிப் பார்த்தாலும் இந்த ஆறு பேருக்கு அட்டை இல்ல."

"வேற வழி?"

"சம்பவத்தைக் கண்ணால பார்த்த அரசு ஊழியர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தா பதிவேடே வேண்டாம். சாதாரண ஜனங்க சாட்சி செல்லாது. ஊருக்கு ஊர் மச்சானுக்கு மச்சான் சாட்சி சொல்லிட்டு வரான். அரை மணி நேரம் இடைவேளை. யோசிச்சுட்டு வாங்க."

மொன்ஜியின் வரியைப் பற்றிச் சொல்ல லஸ்ஹர் வாயெடுத்தார். மூடிக்கொண்டார். புத்தகத்தையே ஒதுக்கினால் அறுபத்தொரு முள்ளும் அதோடு போகும். அன்று சுடும்போது அங்கே இருந்த அரசு ஊழியர்கள் யார்? சுட்ட போலீஸ்காரர்கள். அவர்களைத் தவிர ஒரே ஒருவர்.

மொன்ஜி பள்ளி முற்றத்தில் மல்பெரி மரத்தடியில், குழுவோடு வந்த ஓட்டுநருக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லஸ்ஹர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"மொன்ஜி, உன் வரிக்கும் ஒரு கடைசிப் பத்தி இருக்கு. தெரியுமா?"

"அதுல என்ன?"

"முள் 61."

மொன்ஜி சிரிக்கப் பார்த்தார். "நீதானே அன்னைக்குப் படியில நின்னு கத்தினே, போலீஸ் சுட்டுட்டான்னு. ஊரே கேட்டுச்சே."

"கேட்டுச்சு. கள்ளி முள்ளால சுடுற துப்பாக்கி எந்தப் போலீஸ்கிட்ட இருக்குன்னு அந்தம்மா கேட்டா என்ன சொல்றது? எனக்கு வழக்கு வரட்டும், போய்ட்டுப் போகுது. உன் பேர் கடற்கரை வரைக்கும் நாறும். முத்திரையும் போகும்."

"உனக்கு என்ன வேணும் லஸ்ஹர்?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பத்துக்கு எங்க நின்னேன்னு எழுதிக் குடு."

"நான் வீட்டுல இருந்தேன்."

"மேல் மாடி ஜன்னல்ல இருந்தே. உன் விரலைப் பார்த்தவங்க இருக்காங்க."

மொன்ஜியின் நிறம் போயிற்று. "அதை எழுதினா ஊர் என்னைக் கிழிச்சிடும்யா."

"ஜன்னல்னு எழுத வேண்டாம். அங்கே இருந்தேன், கண்ணால பார்த்தேன், இந்த ஆறு பேரைப் போலீஸ் சுட்டான். அவ்வளவுதான். எங்க நின்னே, யார் பக்கத்துல நின்னேன்னு நம்ம ஆளுங்க கேக்கவா போறாங்க? கை தட்டுவாங்க."

மொன்ஜி ஒரு நிமிடம் யோசித்தார். பயம் மெல்ல இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று ஏறுவதை லஸ்ஹர் பார்த்தார். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிறவன் முகத்தில் வருகிற அதே களை. குண்டுக்கு நடுவில் நின்ற உம்தா. நன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

"என் வரி?"

"உன் வரியை நான் தொடமாட்டேன்," என்றார் லஸ்ஹர். அதைச் சொல்லும்போது வாயில் கசந்தது. கீழே துப்பினார்.

அவர் சொல்லச் சொல்ல மொன்ஜி எழுதினார். தேதி, நேரம், ஆறு பெயர்கள். முத்திரை சட்டைப் பையிலேயே இருந்தது. இருபது வருட உத்தியோகத்தில் அந்த மனிதர் கையெழுத்துப் போட்ட ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

ஹாஜர் அதை உரக்கப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பழைய ஆட்சியோட ஊழியர் ஒருத்தர், குண்டு பாயும்போது ஜனங்களோட நின்னு, ரெண்டு நாள் கழிச்சுத் தானும் குண்டடி பட்டு, இன்னைக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கார். இவங்களாலதான் இந்த நாடு நிக்குது," என்றார்.

ரெண்டு நாள் இல்லை, மூன்று நாள். லஸ்ஹர் திருத்தவில்லை.

கை தட்டினார்கள். கம்போடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களில் குறைந்தது பதினான்கு பேர் அந்த அறையில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். தீஜானி மட்டும் வாயிலிருந்த விதைத் தோலைத் தரையில் துப்பினான். ஷாத்லியா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று ஹாஜர் நினைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வெளியே வந்ததும் தீஜானி கட்டையை ஊன்றி நின்றான். "என் காலுக்காக அந்த நாயை வீரனாக்கிட்டீங்களே அண்ணே."

"அவன் எப்படியும் ஆகியிருப்பான். இப்ப காலும் கிடைக்குது."

2013 மார்ச்சில், ரமளானுக்கு வெகு முன்பே, அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பிலிருந்து ஈயம் இரண்டு துண்டு எடுத்தார்கள். கால் பிழைத்தது, இரண்டு விரற்கடை நீளம் குறைந்துபோனது. லஸ்ஹர் டாக்டருக்குத் தொலைபேசி செய்து எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு, தன் பதிவேட்டில் 'மீதி உள்ளே' என்பதற்குக் கீழே அன்றைய தேதி போட்டு 'மீதி எடுத்தாயிற்று, 2' என்று எழுதினார்.

மொன்ஜி காயம்பட்டோர் சங்கத்தின் ஊர்த் தலைவரானார். தாடிக் கட்சி தேய்ந்ததும் தாடியை எடுத்தார். பழைய ஆட்களே புதுப் பெயரில் கட்சி ஆரம்பித்தபோது முதல் உறுப்பினர் அட்டை வாங்கினார். பின்னால் வேறொரு ஜனாதிபதி பாராளுமன்றக் கதவைப் பூட்டிய அன்று, சதுக்கத்தில் கொடி பிடித்து எல்லாருக்கும் முன்னால் குதித்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் விழா மேடைக்கு நொண்டிக்கொண்டே ஏறுவார். முறிந்தது வலது கணுக்கால். 2014இலும் 2017இலும் இடது காலை நொண்டினார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஜனாதிபதியையே விரட்டிய கூட்டம் அது, ஒரு மணியக்காரர் எந்தக் காலை நொண்டுகிறார் என்று பார்க்கத் துப்பில்லை.

லஸ்ஹர் 2016இல் ஓய்வுபெற்றார். புதிதாக வந்த பெண் கணினியில் படிவம் தயாரித்திருந்தாள். அதில் ஐந்து பத்திகள்தான். "கடைசிப் பத்தி எதுக்கு சார்? யாரும் பார்க்கிறதே இல்லையே," என்றாள். லஸ்ஹர் பதிவேடுகளை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போதும் ஆகஸ்ட் வந்தால் தீஜானியின் வண்டி சதுக்கத்து மூலையில் நிற்கும். கள்ளிப் பழத்தை இரண்டு வெட்டு, ஒரு கீறல் என்று உரித்துக் கத்தி முனையில் நீட்டுவான். பக்கத்து நாற்காலியில் லஸ்ஹர் இருப்பார். பகல் தொழுகை முடிந்து உம்தா அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வேறு வழி இருந்தால் போயிருப்பார்.

"உம்தா! வாங்க, வாங்க, ஒண்ணு சாப்பிட்டுட்டுப் போங்க," என்று தீஜானி சத்தமாகக் கூப்பிடுவான். "பயப்படாதீங்க, முள்ளெல்லாம் எடுத்தாச்சு."

சங்கத் தலைவர் சங்கத்து உறுப்பினர் நீட்டும் பழத்தை நாலு பேர் முன்னால் மறுக்க முடியாது. மொன்ஜி வாங்கி வாயில் போடுவார். மெல்லும்போது ஒருபுறமாகப் பார்ப்பார்.

"அண்ணே, மொத்தம் எத்தனை எடுத்தோம்?" என்று தீஜானி கேட்பான்.

"அறுபத்தொண்ணு," என்பார் லஸ்ஹர்.